காலி மனைத் தோட்டங்களும் கைமாறும் நிலமும்

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் பவரி தெருவும் ஹியூஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் 1973ஆம் ஆண்டு ஒரு காலி மனை கிடந்தது. இடிந்த கட்டடத்தின் செங்கல், துருப்பிடித்த கம்பி, ஊரார் கொட்டிய குப்பை எல்லாம் குவிந்த இடம். லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியக் கலைஞரும் அவருடைய நண்பர்களும் அதைச் சுத்தம் செய்து, மண் கொண்டுவந்து கொட்டிப் பாத்தி கட்டினார்கள். வேலியைத் தாண்டி நுழைய முடியாத மனைகளில் விதையும் உரமும் அடைத்த பலூன்களை வெளியிலிருந்தே வீசினார்கள். ‘பச்சை கெரில்லாக்கள்’ என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். நகரங்களில் தன்னார்வலர்கள் அமைக்கும் சமூகத் தோட்டங்களின் வரலாற்றைப் பேசும் எவரும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. பலூன் வீசியதை எல்லோரும் சொல்வார்கள். 1974 ஏப்ரலில் மாநகராட்சி அந்த மனையை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அவர்களுக்கு விட்டது என்பதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள்.

எனக்கு அந்த வாடகைச் சீட்டுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு தோட்டம் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும் என்பதை மண்வளமோ நட்டவர்களின் ஆர்வமோ மட்டும் முடிவு செய்வதில்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறது, எந்த நிபந்தனையில் கைக்கு வந்தது என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது. உலகெங்கும் அழிந்துபோன சமூகத் தோட்டங்களின் கதைகளைப் பார்த்தால், வறட்சியாலும் பூச்சியாலும் போனவற்றைவிட, நிலம் கைமாறியதால் போனவையே மனதில் நிற்கின்றன.

அந்த மனைகள் ஏன் காலியாகக் கிடந்தன என்பதிலிருந்து தொடங்கலாம். 1970களில் நியூயார்க் திவாலாகும் நிலைக்குப் போனது. வீட்டு வாடகையில் வருவதைவிட வரியும் பராமரிப்பும் அதிகமாகிவிட்டதால் ஏழைப் பகுதிகளில் பல உரிமையாளர்கள் கட்டடங்களை அப்படியே கைவிட்டார்கள். பல கட்டடங்கள் தீக்கிரையாகின. வரி பாக்கிக்காக ஆயிரக்கணக்கான மனைகள் மாநகராட்சியின் கைக்கு வந்தன. வாங்க ஆளில்லை, வைத்துப் பராமரிக்கப் பணமில்லை. அந்த நேரத்தில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் தாங்களே மண்வெட்டி எடுத்து வந்தது மாநகராட்சிக்கும் வசதியாக இருந்தது. 1978இல் ‘கிரீன் தம்ப்’ என்ற திட்டம் தொடங்கப்பட்டு, இப்படிப்பட்ட தோட்டங்களுக்கு உரிமம் வழங்கப்பட்டது. ஆனால் அந்த உரிமங்கள் தற்காலிகமானவை. நகரம் கேட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

இருபது ஆண்டுகள் கழித்து நகரம் கேட்டது. 1990களில் நியூயார்க்கின் நிலமதிப்பு ஏறியது. மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் 1999இல் 114 தோட்டங்களை ஒரேயடியாக ஏலத்துக்குக் கொண்டுவந்தது. பல ஆண்டு உழைப்பில் வளர்ந்த மரங்களும் கொடிப்பந்தல்களும் ஆவணத்தில் வெறும் ‘காலி மனை’ என்றே இருந்தன. கடைசி நேரத்தில் ‘டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட்’ என்ற அறக்கட்டளையும், நடிகை பெட் மிட்லர் தொடங்கிய ‘நியூயார்க் ரெஸ்டோரேஷன் பிராஜெக்ட்’ அமைப்பும் சேர்ந்து சுமார் 42 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை வாங்கியதால்தான் அவை பிழைத்தன. ஏலப் பட்டியலில் இல்லாத மற்றத் தோட்டங்கள் பற்றிய வழக்கு 2002இல் ஓர் உடன்பாட்டில் முடிந்து, பல நூறு தோட்டங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. சில கட்டுமானத்துக்குப் போயின.

இதில் மனதை உறுத்தும் ஒரு பொருளாதாரம் இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் யோவான் வோய்க்கு, விக்கி பீன் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், சமூகத் தோட்டம் திறக்கப்பட்ட பிறகு அதைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் இருக்கும் வீடுகளின் மதிப்பு உயர்வதைக் கண்டார்கள். மிக ஏழ்மையான பகுதிகளில்தான் அந்த உயர்வு அதிகம், ஐந்தாண்டுக்குள் 9.4 சதவீதப் புள்ளிகள் வரை. தோட்டம் போட்டவர்கள் ஒரு பைசா கூலி வாங்காமல் உழைத்து, சுற்றியுள்ள நிலத்தின் விலையை ஏற்றிவிடுகிறார்கள். அந்த விலையேற்றத்தின் பயன் சொத்து வைத்திருப்பவருக்குப் போகிறது. வாடகைக்கு இருப்பவருக்கு வாடகைதான் ஏறுகிறது. கடைசியில் தோட்டம் இருக்கும் மனையே கட்டடம் கட்டத் தகுந்த இடமாக எல்லோர் கண்ணிலும் படுகிறது. தன்னார்வத்தைப் புகழும் பேச்சுகளில் இந்தப் பகுதி வருவதே இல்லை. வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது இன்னும் கடுமையானது. அங்கே தென்மத்தியப் பகுதியில் 14 ஏக்கர் நிலத்தை 1980களில் மாநகராட்சி குப்பை எரியாலைக்காகக் கையகப்படுத்தியது. மக்கள் எதிர்த்ததால் எரியாலை வரவில்லை. 1992 கலவரத்துக்குப் பிறகு அந்த நிலத்தில் பயிர் செய்ய அனுமதி கிடைத்தது. சுமார் 350 குடும்பங்கள் அங்கே சோளமும் கீரையும் மூலிகையும் பழமரங்களும் வளர்த்தன. அவர்களில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். 2003இல் நகரம் அந்த நிலத்தைப் பழைய உரிமையாளருக்கே சுமார் 50 லட்சம் டாலருக்கு விற்றது. நிலத்தை வாங்கிக்கொள்ள விவசாயிகள் தரப்பு நிதி திரட்டியபோது அவர் கேட்ட விலை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கும் மேல். 2006 ஜூன் 13 அன்று காவல்துறை வந்து மக்களை வெளியேற்றியது. பின்னாலேயே புல்டோசர் வந்தது. நிலம் அதன் பிறகு பல ஆண்டுகள் வெறுமனே கிடந்தது.

இது ஏதோ அண்மைக் காலத்தில் முளைத்த சிக்கல் என்று எண்ண வேண்டாம். 1893இல் அமெரிக்காவில் பொருளாதார நெருக்கடி வந்தபோது, டெட்ராய்ட் மேயர் ஹேசன் பிங்ரீ வேலையிழந்தவர்கள் காலி மனைகளில் உருளைக்கிழங்கு பயிரிட 1894இல் ஏற்பாடு செய்தார். வேறு நகரங்களும் அதைப் பின்பற்றின. நெருக்கடி தீர்ந்ததும் பெரும்பாலான மனைகள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் சுமார் 2 கோடி ‘வெற்றித் தோட்டங்கள்’ இருந்ததாகவும், நாட்டின் காய்கறித் தேவையில் 40 சதவீதம் வரை அவற்றிலிருந்து வந்ததாகவும் மதிப்பிட்டார்கள். போர் முடிந்த சில ஆண்டுகளில் அவற்றில் மிகச் சிலவே மிஞ்சின. பஞ்சத்திலும் போரிலும் நிலத்தைக் கொடுப்பார்கள். நல்ல காலம் வந்ததும் வாங்கிக்கொள்வார்கள். நூறாண்டுக்கு மேலாக இதுவே வழக்கமாக இருக்கிறது.

சட்டம் குறுக்கே நின்ற நாடுகளில் மட்டும் கதை வேறு. பிரிட்டனில் 1908ஆம் ஆண்டின் சட்டப்படி, மக்கள் கேட்டால் பயிரிடச் சிறு துண்டு நிலங்களை ஏற்படுத்தித் தருவது உள்ளாட்சியின் கடமை. அப்படியே ஒதுக்கப்பட்ட நிலத்தை அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது என்று 1925இல் இன்னொரு சட்டம் வந்தது. ஜெர்மனியில் லைப்சிக் நகரில் 1860களில் தொடங்கிய சிறுதோட்ட இயக்கத்துக்கு 1983இல் கூட்டாட்சிச் சட்டமே கிடைத்தது. ஒரு துண்டு 400 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதில் மூன்றில் ஒரு பங்கிலாவது காய்கனி விளைய வேண்டும். குத்தகையை நினைத்த நேரத்தில் ரத்து செய்ய முடியாது. நகரத்தின் நடுவில் இருந்தும் இந்தத் தோட்டங்கள் தலைமுறை தாண்டி நிற்பதற்கு அந்த மக்களின் பொறுமையைக் காரணம் சொல்வதைவிட இந்தச் சட்டப் பிரிவுகளைக் காரணம் சொல்வதே சரி.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றும் அளவுக்கு இந்தப் பசுமையால் என்ன பயன் என்று ஒருவர் கேட்டால் அதற்கும் நேர்மையான பதில் இருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். குலுக்கல் முறையில் சில மனைகளைச் சுத்தம் செய்து, புல் விதைத்து, ஓரிரு மரம் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். சில மனைகளில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மீதியை அப்படியே விட்டார்கள். 2018இல் வெளியான முடிவுகளின்படி, வறுமைக்கோட்டுக்குக் கீழான பகுதிகளில் சீரமைத்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை சுமார் 29 சதவீதம் குறைந்தது. பசுமையாக்கிய மனைகளுக்கு அருகில் வசித்தவர்களில் மனச்சோர்வாக உணர்வதாகச் சொன்னவர்களின் அளவு, ஒப்பீட்டுக் குழுவைவிட 41.5 சதவீதம் சரிந்தது. குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் மனநிலையில் அப்படி ஒரு மாற்றம் தெளிவாகத் தெரியவில்லை. புல்லும் நாலு மரமும் ஒரு வேலியும்தான் வித்தியாசம். அந்த வேலி ஆளைத் தடுக்கும் உயரத்தில்கூட இல்லை. இந்த இடத்தை யாரோ கவனிக்கிறார்கள் என்று தெருவில் போகிறவருக்கு அது சொல்கிறது, அவ்வளவே.

அதே சமயம், தோட்டம் போட்டால் எல்லா நோயும் தீரும் என்பதுபோல் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. டென்வர் நகரில் 291 பேரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2023இல் வந்தது. சமூகத் தோட்டத்தில் இடம் கிடைத்தவர்கள், காத்திருப்பவர்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 1.4 கிராம் நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டார்கள்; தினமும் ஐந்தாறு நிமிடம் கூடுதலாக உடலை அசைத்தார்கள்; மனஅழுத்தமும் பதற்றமும் குறைந்தன. மாற்றம் சிறியதுதான், ஆனால் உண்மையானது. தோட்டத்துக்காக வாதாட இந்த அளவே போதும். மிகைப்படுத்திச் சொன்னால், ஓராண்டில் அந்த மாயம் நடக்காதபோது நிலத்தைத் திரும்பக் கேட்க நாமே ஒரு காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

இனி மண்ணுக்கு வருவோம். நகரத்துக் காலி மனையைக் கொத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே நான்கு விரல் மண்ணுக்குக் கீழே செங்கல் சில்லும் சிமெண்ட் கட்டியும் ஓட்டுத்துண்டும்தான் கிடக்கும். லாரியும் பொக்லைனும் ஏறி இறங்கி மிதித்த இடமாக இருந்தால் கடப்பாரை ‘டங்’கென்று எகிறும். ஒரு எளிய சோதனை உண்டு. ஓர் அடி ஆழக் குழி எடுத்துத் தண்ணீரை நிரப்பி, அது முழுக்க உறிஞ்சப்பட்டதும் மறுபடி நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை ஊற்றிய நீர் சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் நடலாம். மறுநாள் காலையிலும் குட்டைபோல் நின்றால் அங்கே எந்த மரக்கன்றை வைத்தாலும் வேர் மூச்சுத் திணறி அழுகும். அப்படிப்பட்ட இடத்தில் ஆழமாகக் கிளறி மக்கு கலக்க வேண்டும், இல்லாவிட்டால் மேட்டுப்பாத்திதான் வழி.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஈயம். பழைய வீடுகளின் பெயிண்டிலும் பல பத்தாண்டு வாகனப் புகையிலும் இருந்து இறங்கிய ஈயம் மண்ணின் மேல் அடுக்கிலேயே தங்கிவிடும். மழை அதைக் கழுவிக்கொண்டு போகாது. கார்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியதே 2021இல்தான். குடியிருப்பு மண்ணில் ஈயம் எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும் என்பதற்கு அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை நெடுங்காலம் வைத்திருந்த அளவு பத்து லட்சத்தில் 400 பங்கு. 2024 ஜனவரியில் அதை 200 ஆகக் குறைத்தது. பலரும் காய்கறிக்குள் ஈயம் ஏறுவதை எண்ணித்தான் பயப்படுகிறார்கள். அதைவிடக் கையில் ஒட்டி வாய்க்குப் போகும் மண்ணும் தூசியுமே பெரிய வழி, குறிப்பாகச் சிறுபிள்ளைகளுக்கு. கிழங்கிலும் கீரையிலும் ஒட்டும் அளவுக்குத் தக்காளியிலும் வெள்ளரியிலும் ஒட்டாது. அதனால் நடுவதற்கு முன் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுப்பதும், சந்தேகமான இடத்தில் துணி விரித்து அதன்மேல் ஓரடி நல்ல மண்ணும் மக்கும் போட்டுப் பாத்தி அமைப்பதும், நடைபாதையை மரச்சில்லால் மூடித் தூசி கிளம்பாமல் பார்ப்பதும் அவசியம். இந்த வேலையைப் படம் எடுத்துப் பகிர யாரும் வருவதில்லை. தோட்டத்தின் மானம் இதில்தான் இருக்கிறது.

நட்ட பிறகு? நியூயார்க்கில் 1999 முதல் 2003 வரை நட்ட தெருவோர மரங்களில் ஆயிரக்கணக்கானவற்றைப் பின்னர் நேரில் போய்ப் பார்த்தபோது சுமார் 74 சதவீதம் உயிரோடு இருந்தன. மரத்தடியில் மூடாக்கு, பூச்செடி, கையால் எழுதிய பலகை என யாரோ கவனித்துக்கொள்வதன் அடையாளம் இருந்த மரங்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தன. மியாவாகி முறைக் குறுங்காடுகளுக்கும் இது பொருந்தும். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாகி வகுத்த அந்த முறையில் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகளை நெருக்கமாக நடுகிறார்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் களையெடுப்பும் தண்ணீரும் தவறக் கூடாது. நடும் நாளில் நூறு பேர் வருவார்கள், மூன்றாவது கோடையில் குழாயைத் தூக்கிக்கொண்டு வருவது நான்கு பேராக இருக்கும். நல்ல குழுக்கள் இதை முன்பே எதிர்பார்த்து, தண்ணீர்க் குழாய் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது, விடுமுறை வாரத்தில் யார் முறை, வாயிற்கதவின் சாவி யார் யாரிடம் என்பதை எழுதி வைத்துவிடுகின்றன.

சாவி விஷயம் அற்பமாகத் தோன்றலாம். பொது நிலத்தில் பத்துப் பேர் பாத்தி போட்டு, பூட்டுப் போட்டு, மற்றவர்கள் கம்பி வழியே எட்டிப் பார்க்கும்படி ஆகிவிட்டால், அது பத்துப் பேரின் தனித் தோட்டம்தான். அதனால்தான் நியூயார்க்கின் ‘கிரீன் தம்ப்’ தோட்டங்கள் பருவகாலத்தில் வாரம் குறைந்தது 20 மணி நேரம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இங்கிலாந்தின் டோட்மோர்டன் ஊரில் 2008இல் பாம் வார்ஹர்ஸ்ட்டும் நண்பர்களும் தொடங்கிய ‘இன்கிரெடிபிள் எடிபிள்’ இன்னும் ஒரு படி மேலே போனது. காவல் நிலையத்தின் முன்னால் மக்காச்சோளம் நட்டார்கள். பழமும் மூலிகையும் தெருவோரத்தில் வளர்ந்தன. வேலியும் இல்லை, யாருக்கு எந்தப் பங்கு என்ற கணக்கும் இல்லை. வழியில் போகிறவர் பறித்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் யாரிடமும் அனுமதி கேட்கவும் இல்லை.

அனுமதி கேட்காமல் நடுவது எல்லா இடத்திலும் இனிதாக முடிவதில்லை. 2010 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸில் ரான் ஃபின்லி தன் வீட்டு முன்னால், நடைபாதைக்கும் தெருவுக்கும் இடையிலிருந்த மண் துண்டில் காய்கறி வளர்த்தார். அந்தத் துண்டு மாநகராட்சியின் சொத்து. அதைச் சுத்தமாக வைத்திருக்கும் கடமை மட்டும் வீட்டுக்காரருக்கு. அனுமதி பெறவில்லை என்று நோட்டீஸ் வந்தது. மனுவும் பத்திரிகைச் செய்தியும் சேர்ந்து அழுத்தம் கொடுத்த பிறகே நகரத்தின் விதி தளர்ந்தது. பராமரிக்கும் பொறுப்பை மக்களிடம் தள்ளிவிட்டு, அதில் என்ன வளரலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வது பல நகராட்சிகளின் பழக்கம். பூங்கா ஊழியர் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, ‘மக்கள் பங்கேற்பு’ என்ற பெயரில் அதே வேலையை இலவசமாக வாங்கிக்கொள்ளும் போக்கும் இதன் தொடர்ச்சியே. அப்படி நடக்கும்போது, மாலையில் ஓய்வும் மனு எழுதத் தெரிந்தவர்களும் உள்ள வசதியான பகுதிகளில் பூங்கா செழிக்கிறது. இரண்டு வேலை பார்ப்பவர்கள் வாழும் பகுதியில் காய்கிறது. ஃபிலடெல்ஃபியா மனைகளைப் பராமரித்தது கூலி வாங்கி வேலை செய்தவர்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். தன்னார்வலரின் அன்பு எவ்வளவு பெரிதானாலும், அதைச் சம்பள ஆளுக்கு மாற்றாக வைப்பது இருவருக்குமே அநியாயம்.

நிலப் பிரச்சினைக்கு மக்கள் கண்ட விடைகள் பலவகை. பெர்லினின் மோரிட்ஸ் பிளாட்ஸ் சதுக்கத்தில் போருக்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் வெறுமையாகக் கிடந்த இடத்தில் 2009இல் தொடங்கிய ‘பிரின்செஸ்ஸினென்கார்ட்டன்’ தோட்டத்தில் தரையில் எதையும் நடவில்லை. ரொட்டிக் கூடை, அரிசிச் சாக்கு, பால் அட்டைப்பெட்டி என எல்லாம் தூக்கிச் செல்லக்கூடிய கலங்கள். ஓராண்டுக் குத்தகையில் வாழ்பவர்கள் மூட்டையைக் கட்டியே வைத்திருந்தார்கள். 2012இல் நிலத்தை விற்க நகரம் முயன்றபோது 30,000 பேர் கையெழுத்திட்டுத் தடுத்தார்கள். பின்னர் தோட்டத்தின் முக்கியப் பகுதி நொய்கோல்ன் பகுதியின் ஒரு பழைய கல்லறைத் தோட்ட நிலத்துக்கு இடம்பெயர்ந்தது. அதே நகரில் 2008இல் மூடப்பட்ட டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் ஓடுதளத்தை ஒட்டி மக்கள் பலகைப் பெட்டிகளில் செடி வளர்த்தார்கள். ஓரங்களில் கட்டடம் கட்டும் திட்டம் வந்தபோது 2014 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் சுமார் 64 சதவீதம் பேர் நிலம் முழுவதையும் திறந்தவெளியாகவே வைக்க வாக்களித்தார்கள். வீடு கிடைக்காமல் தவிக்கும் நகரம் அது. அந்த வாக்கைப் பற்றிய விவாதம் அங்கே இன்றும் ஓயவில்லை. வீடா தோட்டமா என்ற கேள்வியில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை ஏலதாரரிடம் விடாமல் மக்களிடமே கேட்டது சரியான முறை என்பதே என் கருத்து.

நிலத்தை அறக்கட்டளையின் பெயரில் எழுதிவைத்து விற்பனைக்கு அப்பால் கொண்டுபோவது உறுதியான வழி. அதற்குப் பணம் வேண்டும். பணமில்லாதவர்களுக்கு உரிமையைக் கேட்டு வாங்குவது ஒன்றே மிச்சம். டோட்மோர்டனில் தொடங்கிய இயக்கம் இப்போது அதைத்தான் கேட்கிறது: பொது நிலத்தில் உணவு வளர்க்கும் உரிமை. 2023இல் இங்கிலாந்தின் ஹல் மாநகர மன்றம் அதை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டனில் அப்படிச் செய்த முதல் மன்றம் அதுவே. பயிரிடத் தகுந்த பொது நிலங்கள் எவை என்று மன்றமே வரைபடமாக வெளியிட வேண்டும் என்பது அந்தக் கோரிக்கையின் மையம். காலி மனை யாருடையது என்று கண்டுபிடிக்கவே அலுவலகம் அலுவலகமாக அலைந்த குழுக்களுக்கு அந்த வரைபடத்தின் அருமை தெரியும்.